நிஃமத்தை எண்ணும் பழக்கம்



2011 டிசம்பர் 30, ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலை தானே புயல் நம் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் ஒரு குடம் தண்ணீர் கிடைத்தாலே அல்ஹம்துலில்லாஹ் என்றோம். இன்று குழாயைத் திறக்கிறோம், வாயைத் திறப்பதில்லை.

நிஃமத் குறையவில்லை, அதை எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் குறைந்துவிட்டது. மங்கலம்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, துபாயில் இருப்பவர் வைக்கும் ஸ்டேட்டஸைப் பார்த்து ஏங்குகிறோம்.

உலகக் காரியங்களில் நமக்கு மேலே உள்ளவரை அல்ல, கீழே உள்ளவரைப் பார்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அல்லாஹ் தந்ததை அற்பமாக நினைக்காமல் இருக்க அதுவே வழி. கீழே உள்ளவரைப் பார்த்தால், அவருக்குக் கை கொடுக்கவும் தோன்றும்.

அமெரிக்க உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே இருக்கிறது. வாரந்தோறும் தமக்குக் கிடைத்த நன்மைகளை எழுதி வந்தவர்கள், தொல்லைகளை எழுதி வந்தவர்களைவிட மனநிறைவோடு இருந்தார்கள்.

எனவே இன்றிலிருந்து மூன்று பழக்கங்கள்:

ஃபஜ்ருக்குப் பின், செல்போனைத் தொடுமுன் மூன்று நிஃமத்துகளை எண்ணி அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள்.

வீட்டில் ஸலாம் சொல்லி நுழையுங்கள். சாப்பாட்டில் குறை தேடாமல், சமைத்தவரைப் பாராட்டுங்கள்.

பேச்சு நின்றுபோன உறவினருக்கு நீங்களே முந்தி ஸலாம் சொல்லுங்கள். ஜும்ஆ முடிந்து வெளியே போகும்போது அவர் பக்கத்திலேயே செருப்புத் தேடிக்கொண்டிருக்கலாம்.

நன்றியுள்ள அடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.