வரி அதிகாரியின் முன் மகன் பேசலாமா?

கேள்வி: தங்கச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்ற என் தகப்பனாருக்கு வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆடிட்டருக்குக் கொடுக்க வசதியில்லை. அவருக்காக நான் ஆஜராகலாமா?
— ஒரு வாசகர், சாம்பியன் ரீஃப்ஸ், கோலார் தங்கவயல்

பதில்: தாராளமாக ஆஜராகலாம். 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 288ஆம் பிரிவு, வக்கீலையும் சார்ட்டர்டு அக்கவுண்டன்டையும் குறிப்பிடுவதற்கு முன்பாகவே, வரி செலுத்துகிறவரின் உறவினர் எவரும் அவருடைய பிரதிநிதியாக வரலாமென்று முதல் ஸ்தானத்தில் சொல்லியிருக்கிறது. அவர் கணக்கு வைத்திருக்கும் ஷெட்யூல்டு வங்கியின் உத்தியோகஸ்தருக்குங்கூட அவ்வுரிமை உண்டு. 2025ஆம் வருஷத்துப் புதிய சட்டமும் இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை.

2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டபின் சொற்ப சேமிப்பைக் கொண்டே ஜீவனம் நடத்திவரும் தங்கவயல் குடும்பங்கள், பணம் செலவிட்டாலன்றிக் காரியம் நடவாதென்று அஞ்சி, பதிலே போடாமல் இருந்துவிடலாகாது என்பதுதான் என் கவலையெல்லாம். தங்களுக்கு அவசியமானது, தகப்பனார் கையொப்பமிட்டு எழுத்து மூலமாகத் தரும் அதிகாரப் பத்திரம் ஒன்றே. ஆனால், பிரமாணத்தின் பேரில் அவரையே விசாரிக்க வேண்டுமென்று 1961ஆம் வருஷத்துச் சட்டத்தின் 131ஆம் பிரிவின்படி சம்மன் வருமாயின், அவர் நேரில் வந்தே தீரவேண்டும்; அங்கே பிரதிநிதிக்கு இடமில்லை. ஆகவே நோட்டீஸில் குறித்துள்ள பிரிவையும் கெடுவையும் முதலில் கவனமாகப் படியுங்கள்.