ஸ்லைடு பனோரமா: 'அப்புறம் சரி பண்ணிக்கலாம்' எதுவரை செல்லும்?

2012-ல் நின்றுபோன கோடக் எக்டாக்ரோம் 2018-ல் மறுபடி கடைக்கு வந்தது. ஃபுஜி வெல்வியா 50-க்கு இன்றைக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் டிஜிட்டலில் பழகிய கை ஸ்லைடைத் தொடும்போது பழைய தப்பெண்ணங்களும் கூடவே வருகின்றன. அகலமான நிலக்காட்சியில் அவை உடனே அம்பலமாகிவிடும்.

நம்பிக்கை: மேலும் கீழும் வெட்டினால் பனோரமா.

உண்மை: சின்ன கேமராக்களில் இருந்த 'பனோரமா' பொத்தான் அதைத்தான் செய்தது. 24 மி.மீ. உயர ஃபிரேமில் நடுவே 13 மி.மீ. பட்டையை மட்டும் விட்டு மற்றதை மறைத்தது. 1998-ல் ஹாசெல்பிளாடும் ஃபுஜியும் சேர்ந்து கொண்டுவந்த எக்ஸ்பான், அதே 35 மி.மீ. சுருளில் 65 மி.மீ. அகலத்துக்கு எடுக்கிறது. 617 கேமராவின் ஃபிரேம் 168-க்கு 56 மி.மீ. அந்தப் பட்டையைவிட 20 மடங்கு பரப்பு. 120 சுருளுக்கு நாலே படம் என்பது அதற்கான விலை.

நம்பிக்கை: ஓரம் கறுத்தால் லென்ஸ் மட்டம், எஃப் 22-க்குக் குறைத்தால் போய்விடும்.

உண்மை: லென்ஸ் குழலின் விளிம்பு மறைப்பதால் வரும் கறுப்பு அப்படிப் போகும். சாய்ந்து விழும் ஒளி இயல்பாகவே மங்குவது போகாது. 617-ல் 90 மி.மீ. லென்ஸ் போட்டால், கணக்குப்படி மூலைக்குக் கிடைப்பது நடுவில் விழுவதில் கால் பங்குதான், அதாவது 2 ஸ்டாப் குறைவு. நெகட்டிவ் இதைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்லைடு தாங்குவது மொத்தம் 5 ஸ்டாப் அளவே. மூலையில் நிழலான பாறை இருந்தால் அங்கே வெறும் கறுப்புதான் மிஞ்சும். ஸ்கேனில் தூக்கினால் புள்ளிகள்தான் எழும். நடுவில் அடர்ந்து ஓரத்தில் தெளியும் சென்டர் ஃபில்டர் இதற்காகவே இருக்கிறது.

அதுவும் சும்மா வேலை செய்யாது. விடியலில் மீட்டர் 1 வினாடி காட்டுகிறது என்று வையுங்கள். 2 ஸ்டாப் விழுங்கும் ஃபில்டரைப் போட்டதும் அது 4 வினாடி. அவ்வளவு நேரம் திறந்திருந்தால் வெல்வியா 50 சோர்ந்துபோகும், நிறமும் பிசகும். இன்னொரு மூன்றில் ஒரு ஸ்டாப்பும் மெல்லிய மெஜந்தா ஃபில்டரும் தேவை என்று ஃபுஜியின் குறிப்பே சொல்கிறது. ஆக, 5 வினாடி. இந்தத் தொல்லை வேண்டாமென்றால் புரோவியா 100எஃப் போடலாம். 128 வினாடிவரை திருத்தமே வேண்டாம். விடியலுக்கு என் ஓட்டு அதற்குத்தான், வெல்வியா பக்தர்கள் மன்னிக்கவும்.

நம்பிக்கை: போலரைசர் வானத்தை நீலமாக்கும்.

உண்மை: சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் அதிகம் ஆக்கும். அகலப்படத்தில் அது வானத்தின் நடுவே கருநீலத் திட்டாக நிற்கும். கழற்றி வையுங்கள்.

நம்பிக்கை: அடிவானம் சாய்ந்தால் கம்ப்யூட்டரில் நிமிர்த்திக்கொள்ளலாம்.

உண்மை: 617-ல் 1 டிகிரி சாய்வு என்பது இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 3 மி.மீ. ஏற்ற இறக்கம். நிமிர்த்தி வெட்டினால் 56-ல் அந்த அளவு போகும். சரி, பொறுக்கலாம். ஹொரைசான், வைட்லக்ஸ் போன்ற சுழலும் லென்ஸ் கேமராவில் கதை வேறு: முன்பின்னாகக் கொஞ்சம் சாய்ந்தாலே அடிவானம் வில்லாக வளையும். குமிழ் மட்டத்தைப் பார்க்காமல் ஷட்டரைத் தொடாதீர்கள்.

நம்பிக்கை: வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: நிழலில் ஏறிய நீலச்சாயலைக் குறைக்கலாம், மொத்த நிறத்தையும் திருப்பலாம். வெந்துபோன மேகத்தை மீட்க முடியாது. அந்த இடத்தில் ஃபிலிம் வெறும் கண்ணாடிதான். எக்ஸ்போஷர் குறைந்ததை லேபில் முதல் டெவலப்பரின் நேரத்தை நீட்டி ஓரளவு ஏற்றலாம், ஆனால் அந்தச் சுருளின் நாலு படமும் சேர்ந்தே ஏறும். அதனால் காட்சியில் எது மிகப் பிரகாசமோ அதை முதலில் அளந்துகொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் அரை ஸ்டாப் குறைத்தே எடுங்கள்.