ஜெனரலும் தோற்ற தொகுதி

ராணுவத்தில் 20 ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். தேர்தலில் நிற்க ஓய்வூதியம் தடையாகுமா? பட்டாளத்துக்காரருக்கு மக்கள் ஓட்டுப் போடுவார்களா?
— முன்னாள் ஹவில்தார், வேலூர்

தடையே இல்லை. பணியில் இருப்பவர்தான் நிற்க முடியாது. ஓய்வூதியம் ஆதாயம் தரும் பதவி ஆகாது. தைரியமாக மனு போடுங்கள்.

ஓட்டு விஷயத்துக்கு உத்தராகண்டின் பி.சி. கந்தூரியைப் பாருங்கள். மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்று, 1991-ல் கர்வால் எம்.பி. ஆனார். 1996-ல் தோற்றும் ஊரைவிட்டு விலகவில்லை. 1998-ல் அங்கேயே வென்றார். வாஜ்பாய் அமைச்சரவையில் தங்க நாற்கரச் சாலைப் பணியை முடுக்கிவிட்டவர் அவர். அப்பேர்ப்பட்டவரே 2012-ல், முதல்வராக இருக்கும்போதே, கோட்துவாரில் தோற்றார்! சீருடை பார்த்து வணக்கம் வைப்பார்கள். ஓட்டுக்கு வீடு வீடாக நடக்கத்தான் வேண்டும். முதலில் உங்கள் வார்டில் நில்லுங்கள்.