எழுத்தும் குரலும்

பேச்சும் எழுத்தும் மொழியின் இரு வடிவங்கள் என்பதை நாம் வகுப்பறையில் பலமுறை பயின்றுள்ளோம். இக்காலத்தில் இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதாக ஒன்று தோன்றியுள்ளது. கைப்பேசியில் விரல்நுனியால் தட்டி அனுப்பும் செய்தியே அது. வடிவத்தால் அஃது எழுத்து. விரைவாலும் பழக்கத்தாலும் அது பேச்சு. எழுத்துக்குரிய நிதானம் அதற்கு இல்லை. பேச்சுக்குரிய குரலும் இல்லை. இக்குறையால் நம் குடும்பங்களில் விளையும் மனவருத்தங்கள் சிறியன அல்ல. ஆதலின் இதனை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டமொன்றில் ஒரு தாயார் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகனும் மருமகளும் கைக்குழந்தையுடன் கிள்ளானில் இருக்கின்றனர். சனிக்கிழமை மாலை கடும் மழை. இருட்டில், நீர் தேங்கிய சாலையில், பச்சிளங்குழந்தையோடு அவர்கள் வந்து சேர வேண்டுமே என்று தாயாருக்குக் கவலை. உடனே கைப்பேசியை எடுத்து, “நீங்கள் வரவேண்டாம்” என்று எழுதி அனுப்புகிறார். மறுமுனையில் மருமகள் அதைப் படிக்கிறார். சென்ற வாரம் ஏதோ ஒரு சிறு பேச்சு நடந்திருந்தது. அது நினைவுக்கு வருகிறது. “அத்தை நம்மை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்” என்று கண்ணீர் விடுகிறார். தாயார் எழுதிய இரண்டு சொற்களில் ஓர் எழுத்தும் பிழையில்லை, இலக்கணமும் சரியே. எனினும் அன்பாகப் புறப்பட்ட செய்தி பகையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதே சொற்களை அத்தாயார் தொலைபேசியில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? “வரவேண்டாம்மா” என்று இறுதியில் சற்றே நீட்டியிருப்பார். பின்னணியில் தகரக்கூரையின்மேல் மழை விழும் ஓசை கேட்டிருக்கும். குரலில் பதற்றம் இருந்திருக்கும். இவை மூன்றும் எழுத்தில் ஏறவில்லை. சொல் மட்டும் சென்றது. சொல்லைச் சூழ்ந்திருந்தவை எல்லாம் தோட்டத்திலேயே தங்கிவிட்டன.

உள்ளத்து உணர்ச்சி உடலின்வழி வெளிப்படுவதைத் தமிழிலக்கணம் மெய்ப்பாடு என்று பெயரிட்டு அழைக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே இதற்காக அமைந்துள்ளது. சிரிப்பு, அழுகை, அச்சம், சினம், மகிழ்ச்சி, வியப்பு, பெருமிதம், இழிவுணர்ச்சி என மெய்ப்பாடுகள் எட்டு என்பது அந்நூல் கூறும் கணக்கு. கண்ணாலும் செவியாலும் நுணுகி உணரக்கூடியவர்க்கே இவை புலனாகும் என்பதும் அந்நூலின் கருத்தே. கைப்பேசிச் செய்தியைப் படிப்பவருக்கோ எழுதியவரின் முகத்தைக் காணும் கண்ணும் இல்லை; குரலைக் கேட்கும் செவியும் இல்லை. நம் நாட்டில் வாட்ஸ்அப் செயலிக்குப் ‘புலனம்’ என்று அழகிய தமிழ்ப்பெயர் சூட்டி வழங்குகிறோம். ஐம்புலனில் இரண்டை அடைத்துவிட்ட கருவிக்கு இப்பெயர் வாய்த்தது சற்று வேடிக்கைதான்.

எழுதுபவர் இக்குறையை உணர்வதில்லை என்பதே இதில் பெருந்தொல்லை. எழுதும்போது நம் குரல் நம் காதிலேயே ஒலித்துக்கொண்டிருப்பதால், படிப்பவருக்கும் அது கேட்கும் என்று எண்ணிவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் சிலர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனை எண்ணால் காட்டியது. சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை மெய்யாகவும் மின்னஞ்சலில் எழுதச் செய்தனர். படிப்பவர் 78 விழுக்காடு சரியாகக் கண்டுகொள்வர் என்று எழுதியோர் நம்பினர். படித்தவர் சரியாகக் கண்டதோ 56 விழுக்காடே. நாணயத்தைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலே பாதியளவு சரியாக வந்திருக்கும் அல்லவா! குரலில் கேட்டவர்களோ ஏறத்தாழ முக்கால் பங்கு சரியாகச் சொல்லினர். “நல்ல காரியம் செய்தாய்” என்பது பாராட்டா, வஞ்சப்புகழ்ச்சியா என்பது குரலைக் கேட்டால் நொடியில் விளங்கும். எழுத்தில் விளங்குவது அரிது.

முன்னோர் கடிதம் எழுதிய காலத்தில் இந்த இடர்ப்பாடு இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, ஆயின் அதற்கு மாற்றும் இருந்தது. 1917ஆம் ஆண்டில் மலாயாவில் செம்பனை வணிக முறையில் முதன்முதலாகப் பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம் நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அத்தோட்டம் போன்ற பழந்தோட்டங்களின் லயங்களிலிருந்து திருச்சிக்கும் சேலத்துக்கும் தஞ்சைக்கும் கடிதங்கள் சென்றன. எழுதப் படிக்கத் தெரியாதோர் பலர். ஆதலின் தோட்டப்பள்ளி ஆசிரியரோ கிராணியோ அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பர். ஊரிலும் ஒருவர் அதை உரக்கப் படித்துக் காட்டுவார். எழுதுபவர் பிறருடைய அழுகையைத் தம் சொற்களில் ஏற்ற வேண்டியிருந்தது. படிப்பவர் அதனை மீண்டும் குரலாக்க வேண்டியிருந்தது. இதனால் கடிதத்துக்கென ஒரு முறைமை வளர்ந்தது. தலைப்பில் பிள்ளையார் சுழி, பின்னர் உறவு முறை சொல்லி விளித்தல், அதன்பின் “இங்கு அனைவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்” என்ற வரி. இவ்வரியை வெறுஞ்சடங்கு என்று இக்காலத்தார் நகைப்பதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. “நான் உன்மீது சினங்கொண்டு எழுதவில்லை” என்பதைப் படிப்பவருக்கு முதலிலேயே உறுதிசெய்யும் வரி அது.

சொல்லைப் படிக்கும் முன்னரே உணர்ச்சியை அறிவிக்கும் குறிகளும் இருந்தன. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதம் வந்தால் மங்கலச் செய்தி. வீட்டினுள் சென்று சாமி படத்தடியில் வைப்பர். இழவுச் செய்தி தாங்கிய அட்டையை வீட்டினுள் வைத்திராமல் படித்தவுடன் கிழித்தெறிவர். தந்திச் சேவகர் மிதிவண்டியில் வருவதைக் கண்டாலே லயத்தில் அழுகுரல் எழும். தந்தி என்றாலே துயரம் என்று மக்கள் பழகியிருந்தனர். அந்தத் தந்திச் சேவையை இந்தியாவில் 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்திவிட்டனர்.

மஞ்சள் தடவிய மூலைக்கு ஒப்பான ஒன்றைத்தான் இக்காலத்து முகக்குறிகளும் செய்ய முயல்கின்றன. இவற்றின் பிறப்பு வரலாறு சுவையானது. அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் கணினிவழிக் கருத்துப் பரிமாறிய ஆசிரியரிடையே, மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டதாக ஒருவர் வேடிக்கையாக எழுதினார். சிலர் அதனை மெய்யான எச்சரிக்கை என்று எண்ணிக் கலங்கினர். அதன்பின் 1982ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் ஸ்காட் ஃபால்மன் என்னும் கணினி அறிஞர், வேடிக்கையாக எழுதியதன் இறுதியில் முக்காற்புள்ளி, சிறுகோடு, பிறைக்கோடு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இடலாம் என்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தால் அது சிரித்த முகமாகத் தோன்றும். 1999இல் ஜப்பானியரான ஷிகெதாகா குரித்தா ஒரு தொலைபேசி நிறுவனத்திற்காக 176 சிறு படங்களை அமைத்தார். இன்று நம் பாட்டிமாரும் அவற்றின் வழித்தோன்றல்களை அனுப்புகின்றனர்.

ஆயினும் முகக்குறி எல்லார்க்கும் ஒரே பொருள் தருவதன்று. கண்ணீர் வழியச் சிரிக்கும் முகம் ஒன்றுண்டு. ஆக்ஸ்போர்டு அகராதியார் 2015ஆம் ஆண்டின் சொல்லாக அதையே தேர்ந்தெடுத்தனர். கண் மங்கிய முதியோர் அதனை அழும் முகம் என்று கருதி மரணச் செய்திக்கு மறுமொழியாக அனுப்பிவிடுவதுண்டு. துயரத்தில் இருப்போர் அதனைக் கண்டால் மனம் என்ன பாடுபடும்! கூப்பிய கைகளின் குறியை நாம் வணக்கத்திற்கும் நன்றிக்கும் இரங்கலுக்கும் ஒருங்கே பயன்படுத்துகிறோம். கட்டைவிரல் குறியோ இன்னும் ஆழமான செய்தி. மலாய்க்காரர் வழக்கில் கட்டைவிரலால் சுட்டிக் காட்டுவது பணிவு. கனடா நாட்டு உழவர் ஒருவர், விளைபொருள் ஒப்பந்தப் படத்திற்கு மறுமொழியாக வெறும் கட்டைவிரல் குறியை அனுப்பினார். “பார்த்தேன் என்பதே அதன் பொருள்” என்பது அவர் வாதம். “சம்மதம் என்பதே பொருள்” என்று சஸ்காட்செவன் மாநில நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்து, 82,000 கனடிய டாலருக்கு மேல் செலுத்துமாறு ஆணையிட்டது. வேலை, சம்பளம், கடன் ஆகியவை குறித்த செய்திகளுக்கு விரற்குறியை மறுமொழியாக அனுப்பும் தோட்டத் தொழிலாளர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. “சம்மதம்” என்றோ “படித்துவிட்டேன், யோசித்துச் சொல்கிறேன்” என்றோ எழுதுவதற்கு அதிக நேரம் ஆகாது.

படங்களைத் தேடி அலைவதற்கு முன் நம் மொழியிலேயே உள்ள கருவியைக் காண வேண்டாமா? தமிழில் இடைச்சொல் என்னும் சிறு செல்வம் உண்டு. “வந்தாயா?” என்பது வெறும் வினா. “வந்தாய்தானே?” என்பதில் ஒரு நம்பிக்கையும் சிறு ஐயமும் உண்டு. “வந்துவிட்டாயே!” என்பதில் மகிழ்ச்சி பொங்குகிறது. மாறியவை ஓரிரு அசைகளே. ஏகாரத்திற்கு ஆறு பொருளும் ஓகாரத்திற்கு எட்டுப் பொருளும் நன்னூலார் கூறுகிறார். ஓகாரத்தின் பொருள்களுள் கழிவு என்பது, கைவிட்டுப் போனதற்கு இரங்குவதைக் காட்டும். ஓரெழுத்தில் ஓர் ஏக்கத்தையே அடக்கிவைத்த மொழி நம் மொழி. விளிச்சொல்லும் அவ்வாறே. “வரவேண்டாம்” என்பதற்கும் “வரவேண்டாம் அம்மா” என்பதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. நம் இளைஞர் மலாய் மொழியின் ‘லா’வை இரவல் வாங்கி, “சரி லா”, “வா லா” என்று எழுதுகின்றனர். கட்டுரையில் அதனை எழுதினால் நாம் மதிப்பெண் குறைப்போம். நண்பருக்கு எழுதும் செய்தியில் அது கடுமையை உருக்கும் நெய்த்துளி என்பதை மறுப்பதற்கில்லை.

இக்கருவி பயன்பட வேண்டுமாயின் தமிழைத் தமிழெழுத்தில் எழுதவேண்டும். ரூமி எழுத்தில் தமிழை எழுதும் வழக்கம் நம்மிடையே மிகுந்துள்ளது. மருத்துவமனையில் படுத்திருக்கும் தந்தை, “வலி இல்லை” என்று ரூமியில் எழுதுகிறார். மகன் அதனை “வழி இல்லை” என்று படிக்கிறான். லகரமும் ழகரமும் அங்கே ஒன்றாகிவிட்டன. ஆறுதல் சொன்ன செய்தி நம்பிக்கையிழந்த செய்தியாகிவிட்டது. பழைய ஓலைச்சுவடிகளிலும் இத்தகைய மயக்கம் இருந்ததுண்டு. புள்ளியிடாமல் எழுதியமையால் ‘எரி’யா, ‘ஏரி’யா என்று இடம் நோக்கியே அறியவேண்டும். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் நெடிலுக்கு வேறு வடிவம் தந்து அதனைத் தீர்த்துவைத்தார். காற்புள்ளி, வினாக்குறி, வியப்புக்குறி முதலியன ஐரோப்பியர் அச்சுக்கலையுடன் நம்மிடம் வந்தவை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அவற்றைத் தம் உரைநடையில் செவ்வனே ஆண்டு காட்டினார். இவ்வாறு படிப்படியாகத் தெளிவுபெற்ற எழுத்தை விட்டுவிட்டு ஏன் மயக்கத்திற்குத் திரும்ப வேண்டும்? கைப்பேசியில் தமிழ் எழுத வசதியில்லை என்பது இன்று சாக்கு அன்று. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலையும் 2005இல் கைப்பேசிக்கான செல்லினத்தையும் உருவாக்கித் தந்துவிட்டார்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். முன்பு லயத்தில் வாழ்ந்தபோது அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் இடையே ஒரு பலகைச் சுவரே இருந்தது. சினமும் அங்கேயே கேட்டது. சிரிப்பும் அங்கேயே கேட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், தஞ்சோங் காராங் பக்கத்து இளையோர் ஷா ஆலமுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றபின், உறவு முழுவதும் கைப்பேசித் திரையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆதலின் இரவு பத்து மணிக்குமேல் வந்த கடுஞ்சொல்லுக்கு அப்போதே மறுமொழி எழுதாது, மறுநாள் காலையில் மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். துயரச் செய்தி, பணத் தகராறு, மன்னிப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் ஏற்றவே வேண்டாம், அழைத்துப் பேசுங்கள். எழுத்தறியாப் பாட்டிமார் குரற்பதிவு அனுப்புவதைப் பிள்ளைகள் கேலி செய்கின்றனர். அவர்கள் அனுப்புவதில் குரலும் இருக்கிறது, பின்னணியில் கோழி கூவுவதும் இருக்கிறது.

முதலில் கண்ட தாயாரின் செய்தியை இனி நாம் திருத்தி எழுதுவோம். “அம்மா, இங்கே பெருமழை. பிள்ளையை வைத்துக்கொண்டு இருட்டில் வரவேண்டாம். நாளை காலை பொறுமையாக வாருங்கள்; தோசைக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறேன்.” விளி இருக்கிறது, காரணம் இருக்கிறது, மீண்டும் அழைத்தல் இருக்கிறது. முகக்குறி ஒன்றுகூட இல்லை. மாவு அரைத்து வைத்திருப்பதாகச் சொன்னவர் சினங்கொண்டிருப்பதாக யாரும் எண்ணார்.

பயிற்சி: “பணம் வந்தது” என்னும் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்க. நன்றியோடு ஒருமுறையும், ஏமாற்றத்தோடு ஒருமுறையும், இன்னும் வராததைக் கிண்டலாகச் சொல்லுமாறு ஒருமுறையும் விரித்து எழுதுக. ஒவ்வொன்றும் பதினைந்து சொற்களுக்கு மிகலாகாது. முகக்குறிகளைப் பயன்படுத்தலாகாது. எழுதியவற்றை வீட்டில் உள்ள ஒருவரிடம் மௌனமாகப் படிக்கக் கொடுத்து, எது எந்த உணர்ச்சி என்று சொல்லச் செய்க. அவர் தவறாகச் சொல்லின், அவரைத் திருத்தாமல் உங்கள் வாக்கியத்தைத் திருத்தி மறுநாள் வகுப்பிற்குக் கொண்டுவருக.