கொம்பிரசர் நின்று நின்று போகிறதா?

குளிர்சாதனப் பெட்டி சில விநாடிகள் உறுமுகிறது. ‘டிக்’ என்று ஒரு சத்தத்துடன் நின்றுவிடுகிறது. சில நிமிடங்களின் பின் மீண்டும் அப்படியே. உள்ளே குளிர் இல்லை. ஐஸ்பழம் விற்றுச் சீவிக்கும் குடும்பத்துக்கும், இன்சுலின் வைத்திருக்கும் வீட்டுக்கும் இது பெரிய இடர். கொம்பிரசரை மாற்ற முடிவெடுக்குமுன், செலவில்லாதவற்றில் தொடங்கி ஒவ்வொன்றாக நாம் பரிசோதிப்போம். இங்கு கூறுபவை இன்வேட்டர் இல்லாத சாதாரண பெட்டிகளுக்கே பொருந்தும்.

ஏன் நிற்கிறது?

மோட்டர் சுழலத் தொடங்காவிட்டால் வழமையைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். அப்போது கொம்பிரசரின் பக்கத்திலுள்ள பாதுகாப்பு ஆளி சூடாகி மின்னைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் இணைக்கும். இந்த ஆளியைத் தவிர்த்து நேரடியாக வயர் கொடுத்தால் மோட்டர் எரிந்துவிடும்.

நாம் பார்க்க வேண்டியவை

1. மின்னழுத்தம்: நமது நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்மாற்றிக்குத் தொலைவான வீடுகளில் மாலை வேளையில் இது இறங்குவதுண்டு. மெல்லிய, நீண்ட வயர் மேலும் குறைக்கும். பெட்டியைச் சுவரிலுள்ள பிளக்கில் நேரே இணையுங்கள். பகலில் ஓடி மாலையில் மட்டும் நின்றால், மின்னழுத்தத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

2. ஓய்வு: மின்தடைக்குப் பின் 5 நிமிடமளவு பொறுத்துப் போடுங்கள். குழாய்களில் வாயுவின் அழுத்தம் சமப்படாமல் மோட்டர் சுழல இயலாது.

3. காற்றோட்டம்: பின்புறக் கம்பிவலையின் தூசியைத் துடைத்து, பெட்டியைச் சுவரிலிருந்து சற்று விலக்கி வையுங்கள்.

4. ரிலே: பிளக்கைக் கழற்றிய பின்பே தொடவேண்டும். கப்பாசிற்றர் இருந்தால் அதில் மின் தங்கியிருக்கும். அதனைத் திருத்துநரிடம் விடுங்கள். கழற்றிய ரிலேயைக் குலுக்கும்போது துண்டுகள் கலகலத்தால் அது உடைந்துள்ளது. அதே வகையில் புதியதொன்று பொருத்தினால் போதும். கொம்பிரசரின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு.

5. சுருள்: கொம்பிரசரின் 3 முனைகளை இரண்டிரண்டாக மல்ரிமீற்றரால் அளவுங்கள். சிறிய இரு அளவுகளின் கூட்டுத்தொகை பெரிய அளவுக்குச் சமமாக இருக்கவேண்டும். ஏதேனும் ஒரு முனைக்கும் இரும்பு உடலுக்கும் தொடர்பு காட்டினால் பெட்டியைப் பாவிக்கக்கூடாது, மின் தாக்கும்.

இவை யாவும் சரியாக இருந்து, புதிய ரிலேயுடனும் உறுமி நின்றால், கொம்பிரசர் உள்ளே இறுகியிருக்கலாம். அப்போதுதான் அதை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். சிட்டையில் ‘ஆர் 600ஏ’ என்றிருந்தால் அந்த வாயு தீப்பற்றும். பயிற்சி பெற்றவரே குழாயில் கைவைக்கலாம். திருத்தி முடியும்வரை இன்சுலினை அயல்வீட்டுப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.