வேடியப்பனுக்கு ஏன் இவ்வளவு சின்னக் கோயில்?

கேள்வி: எங்கள் குலசாமி வேடியப்பன். மூன்று பக்கம் பலகைக்கல், மேலே மூடுகல், உள்ளே சாமி. குனிந்தாலும் ஓர் ஆள் நுழைய முடியாது. அந்தக் காலத்தில் ஊர் மொத்தமும் இங்கே எப்படிக் கும்பிட்டிருக்கும்?
– வாசகர், அரூர்

பதில்: நுழைந்து பார்க்க முயன்றிருக்கிறீர்கள் போலிருக்கிறது! 'ஏழை ஊர், பெரிதாகக் கட்ட வசதியில்லை' என்றுதான் பலரும் சொல்வார்கள். அப்படியல்ல. தருமபுரிக் கோட்டையில் நுளம்ப மன்னர்கள் காலத்தில், 9ஆம் நூற்றாண்டு வாக்கில், காமாட்சியம்மனுக்கும் மல்லிகார்ச்சுனருக்கும் கல்லிலேயே கோயில் எழுந்தது. செலவுக்குக் குறைவில்லை; ஆனாலும் கருவறைக்குள் அர்ச்சகர் மட்டும்தான். கருவறை சாமி இருக்கும் இடம். கூட்டம் கூடுவதற்கு அல்ல.

உங்கள் வேடியப்பன் பெரும்பாலும் ஒரு நடுகல்லாக இருப்பார். நடுகல் என்றால் போரில் இறந்த வீரனுக்கு நட்ட கல். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் அப்படிப் பல கற்களை வேடியப்பன் என்றே கும்பிடுகிறார்கள். தொறு, அதாவது மாட்டு மந்தை, களவுபோனபோது மீட்கப் போய் மாண்டவர்கள் பலர். பலகைக்கற்கள் அந்தக் கல்லுக்கு மழை வெயில் படாமல் போட்ட கூரை, அவ்வளவுதான்.

வழிபாடு நடந்தது வெளியே. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. அதில் ஒரு படி 'பெரும்படை': பெரிய படையல். படையல் என்றால் ஊர் கூடித்தானே? தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட உங்கள் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்க்கிறார்கள். நாடே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்வான் என்று கேட்கிறார். இன்றைக்கும் மரத்தடியில் பொங்கல் பொங்குகிறது, கிடா வெட்டு நடக்கிறது, யாருக்கோ சாமி வருகிறது. எல்லாம் திறந்தவெளியில்தான், உள்ளே போக யாருக்கும் வேலையே இல்லை.

இது நம்மூர் வழக்கம் மட்டுமல்ல. அயர்லாந்தில் காலரஸ் என்னும் பழைய கல் ஜெபக்கூடத்தின் உள்ளளவு சுமார் 16 அடிக்கு 10 அடி. இப்படிச் சின்னச் சின்னப் பழைய சர்ச்சுகள் அங்கே பல. பாதிரியார் உள்ளே பூசை செய்ய, ஜனங்கள் வெளியே நின்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். நாம் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பூசாரியையும் வெளியே நிறுத்திவிட்டோம்.

ஒரு வேண்டுகோள். சாமியின் தலைக்கு மேலோ பக்கத்திலோ வட்டெழுத்து, அதாவது பழந்தமிழின் வளைந்த எழுத்து, இருக்கலாம். காலடியில் சிமிழும் கெண்டியும் செதுக்கியிருக்கலாம். எண்ணெயும் மஞ்சளும் எழுத்தின் பள்ளத்தை அடைத்திருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். எழுத்து தெரிந்தால் சுரண்டாதீர்கள். திருவிழாவுக்கு எனாமல் பெயின்டும் வேண்டாம். ஒரு படம் எடுத்துத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.