மறுநாள் எப்படி இருக்கிறது?

தம்பி தங்கைகளே, வீட்டில் அக்காவோ அத்தையோ மாதக்கணக்கில் "உடம்பெல்லாம் வலிக்குது, அசதியா இருக்கு" என்றால் நாம் என்ன சொல்வோம்? "எழுந்து நடங்க, சரியாயிடும்." அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது.

ஃபைப்ரோமயால்ஜியா என்ற நீண்டகால வலி நோயில், நடைப்பயிற்சியும் வெதுவெதுப்பான நீரில் செய்யும் பயிற்சியும் பலருக்கு உதவுகின்றன. பிசியோதெரபிஸ்ட் மிகக் குறைவாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுவார். முதலில் கொஞ்சம் வலி கூடலாம். அதற்குப் பயந்து நிறுத்திவிட வேண்டியதில்லை.

எம்.இ. அல்லது சி.எஃப்.எஸ். எனப்படும் நாள்பட்ட சோர்வு நோய் அப்படியில்லை. சக்திக்கு மீறி எதையாவது செய்தால் அன்றைக்குத் தெரியாமல் போகலாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் தள்ளிவிடும். சிலருக்கு வாரக்கணக்கில். தூங்கி எழுந்தாலும் அசதி தீராது. இதைப் போய் சோம்பேறித்தனம்னு சொல்லிடாதீங்க!

முன்பெல்லாம் இவர்களுக்கும் பயிற்சியைப் படிப்படியாக ஏற்றினார்கள். 2021-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, அந்த முறையை இந்நோய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று வழிகாட்டி வெளியிட்டது. இப்போது கற்றுக்கொடுப்பது 'பேசிங்', அதாவது சக்தி தீருமுன்பே நிறுத்துவது. உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி. சமையலில் காலையில் காய் நறுக்கல், மாலையில் அடுப்பு. உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் அதே அளவு. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். தீபாவளிக்கு முந்தின நாள் யார் சும்மா உட்காருவாங்க?

பிசியோவிடம் துணைக்குப் போகிறீர்களா? பயிற்சி செய்த மறுநாள் அவங்க எப்படி இருந்தாங்கன்னு ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.